அவ, அதற்குப் பின் ஒரு கட்டம்

நவம்பர் 17. காலை உணவுக்குப் பின் மனைவியின் வலக்கையிலிருந்து புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. சமையலறைத் தராசில் புத்தகத்தின் எடை 1,340 கிராம்.

பிப்ரவரி 18. கோயம்புத்தூர். நரம்பியல் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். தசைகள் ஒவ்வொன்றாக ஓயும் என்றும், அதை நிறுத்த மருந்து இல்லை என்றும் சொன்னார்.

பிப்ரவரி 23. மின்னூல் வாசிப்பான் ஒன்று வாங்க முடிவு செய்தோம்.

மார்ச் 9. பதினொரு சாதனங்களின் ஒப்பீட்டு அட்டவணை முடிந்தது.

மார்ச் 12 முதல் 15 வரை. நான் பக்கம் புரட்டினேன்.

மே 6. பதினொன்று மூன்றாயிற்று.

ஜூன் 20. அவளுடைய இடக்கைப் பெருவிரல் அசையவில்லை.

ஜூலை 14. சாதனம் வாங்கப்பட்டது.

ஆகஸ்ட் 3. சித்திரபுரத்திலிருந்து அவளுடைய தங்கை வந்தாள்.

ஆகஸ்ட் 7. பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது.

செப்டம்பர் 9. திருவோணம் கழிந்து நான்காம் நாள். காலை 10.40. மனைவி இறந்தாள். வாசிப்பான் 91 விழுக்காடு காட்டியது.

அக்டோபர் 26. எழுத்துரு நிறுவப்பட்டது. பிடித்த நேரம் பன்னிரண்டு நிமிடம்.

மேற்கண்ட வரிகள் என் குறிப்பேட்டிலிருந்து மாற்றமின்றி எடுத்தெழுதியவை. பாலக்காட்டை அடுத்த சித்தூரில் முப்பத்தொரு ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் நான். நாளும் இடமும் அளவும் இல்லாத குறிப்பு எதற்கும் உதவாது என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். என் குறிப்புகளில் அவை இருக்கின்றன. பிப்ரவரி 23-க்கும் ஜூலை 14-க்கும் இடையே நூற்று நாற்பத்தொரு நாட்கள் என்பதும் அவற்றிலிருந்தே தெரிகிறது. அந்த நூற்று நாற்பத்தொரு நாட்களில் ஒரு மனிதன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

என் மனைவி படிப்பவள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிப்பாள். பால் பொங்க இரண்டரைப் பக்கம் ஆகும் என்பது அவள் கணக்கு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலமெல்லாம், எங்கள் எல்லையோர ஊரான எருத்தேன்பதியிலிருந்து சித்தூர் போகும் பேருந்தில் நின்றபடியே படிப்பாள். வீட்டில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இடக்கை ஒன்றாலேயே புத்தகத்தைத் தாங்கி, அதே கையின் பெருவிரலால் பக்கத்தைத் தள்ளுவாள். ஒரே சமயத்தில் நான்கு புத்தகங்கள் ஓடும். எதுவானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவாள்.

“முடிவு தெரிஞ்சுட்டா அப்புறம் பதறாமப் படிக்கலாம்லா” என்பாள்.

அவள் படித்தது மலையாளத்தில். இதை விளக்க வேண்டும். அவளுடைய தந்தை பள்ளிவாசல் என்னும் மலையூரின் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். குடும்பம் அருகிலுள்ள சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் இருந்தது. வீட்டில் பேசியது திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். நானோ எருத்தேன்பதி விவசாயக் குடும்பத்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரைப்போல நானும் எல்லை தாண்டிப் போய்த் தமிழ்ப் பள்ளியில் படித்தேன், பிறகு கோயம்புத்தூர். வேலைதான் கேரளத்தில் கிடைத்தது. மலையாளம் நன்றாகவே பேசுவேன். படிக்க வராது. எழுத்துகளை ஒவ்வொன்றாக இனங்காணத் தெரியும். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் பேருந்து போய்விடும். ஆகவே வில்லேஜ் ஆபீஸ் அறிவிப்பு, மின்சார வாரியக் கடிதம், கல்லூரிச் சுற்றறிக்கை என மலையாளத்தில் வரும் எந்தத் தாளும் எங்கள் வீட்டில் அவளுடைய மேசைக்குத்தான் போகும். அவள் படித்துப் பொருள் சொல்வாள். நான் கையெழுத்துப் போடுவேன்.

“ஒரு எழுத்து போடட்டா சர்க்காருக்கு? புரொஃபசருக்கு அ, ஆ தெரியாதுன்னு? பென்ஷனை நிறுத்திருவாங்க” என்று அடிக்கடி மிரட்டுவாள். மலையாளத்தில் கடிதமும் எழுத்துதான்.

அந்த 1,340 கிராம் புத்தகம் மூன்று பாகம் கொண்ட மலையாள நாவல். பதினேழு வயதில், சித்திரபுரம் குடியிருப்பின் வாசகசாலையில், முதல் இரண்டு பாகங்களைப் படித்திருந்தாள். மூன்றாம் பாகத்தை எடுத்துப் போன பொறியாளர் இடமாற்றம் ஆகி, அதையும் கொண்டு போய்விட்டார். பிறகு அது எங்கும் கிடைக்கவில்லை. சென்ற ஆண்டு மூன்று பாகங்களும் ஒரே தொகுதியாக மறுபதிப்பு வந்தபோது பாலக்காடு போய் வாங்கி வந்தாள். முதலிலிருந்து தொடங்கினாள். கடைசிப் பக்கத்தை முன்னதாகப் பார்க்காமல் அவள் படித்த ஒரே புத்தகம் அதுதான்.

“நாப்பத்தஞ்சு வருஷம் பொறுத்தாச்சு. இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கமாட்டேனா?” என்றாள். அது நவம்பர் மாதத்தின் முதல் வாரம்.

மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன நாளில், திரும்பி வரும் வழியில், அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். “அந்தப் புஸ்தகத்தை முடிச்சிருவேன்ல?” முடித்துவிடலாம் என்றேன். அது என் பொறுப்பு என்றும் சொன்னேன்.

கனமான புத்தகம், வலக்கை போய்விட்டது, இடக்கை இருக்கிறது. மின்னூல் வாசிப்பான் வாங்குவது என்ற முடிவில் பிழையில்லை. அந்த நாவல் மின்னூலாகவும் விற்பனைக்கு இருந்தது. பிழை அதற்குப் பிறகு வந்தது. பிழை என்று அடையாளம் தெரியாத வடிவத்தில், முறைமை என்ற பெயரில் வந்தது.

தாவரத்தை இனங்காண நாங்கள் திறவுகோல் என்று ஒன்றைப் பயன்படுத்துவோம். இலை எதிரெதிராக அமைந்ததா, மாறி மாறி அமைந்ததா? எதிரெதிர் என்றால் இரண்டாம் கேள்விக்குச் செல்க. மாறி மாறி என்றால் ஏழாம் கேள்விக்குச் செல்க. ஒவ்வொரு கேள்வியும் இரண்டாகக் கிளைக்கும். இறுதியில் ஒரே ஒரு பெயர் நிற்கும். என் மனைவிக்கான வாசிப்பானுக்கும் அப்படி ஒரு திறவுகோலை எழுதினேன். பக்கம் தள்ளப் பொத்தான் உண்டா, தொடுதிரை மட்டுமா? தொடுதிரை ஈரவிரலுக்குத் தடுமாறும், அவள் சமையலறையில் படிப்பவள், எனவே பொத்தான். பொத்தான் ஒருபுறமா, இருபுறமுமா? ஒருபுறம் என்றால், சாதனத்தைத் தலைகீழாகத் திருப்பினால் எழுத்தும் திரும்புமா? அவள் இடக்கைக்காரி ஆகிவிட்டாள். எனவே திரும்ப வேண்டும். எடை இருநூறு கிராமுக்குள்ளா? திரை காகிதம்போல வெளிச்சத்தை வாங்கிக் காட்டுவதா, கைப்பேசிபோலக் கண்ணில் பாய்ச்சுவதா? தன் கடையில் வாங்கிய நூலை மட்டும் திறக்குமா, வேறிடத்தில் வாங்கியதையும் ஏற்குமா? நான்கு புத்தகங்களை ஒரே சமயத்தில் படிப்பவருக்கு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக எத்தனை முறை அழுத்த வேண்டும்?

நல்ல திறவுகோல். இன்றும் அதில் ஒரு கேள்வியைத்தான் குறையாகச் சொல்வேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

மார்ச் மாதத்தில் அவள் இரண்டு வழிகளைச் சொன்னாள். ஒன்று, புத்தகத்தை வெட்டுவது.

“மூணாப் பிளந்துருங்க. பாகம் பாகமா. மீனையா வெட்டப் போறீங்க, ரத்தம் வர்றதுக்கு?”

“புத்தகத்தைப் போய் வெட்டறதா?” என்றேன். என் குரலில் இருந்த அதிர்ச்சியை அவள் கவனித்தாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பைண்டிங் கடை சித்தூரில் இருக்கிறது. அரை நாள் வேலை.

மற்றொன்று, நான் பக்கம் புரட்டுவது. “மிஷின் வர்றவரைக்கும் நீங்களே புரட்டிப் போடுங்களேன். நான் ‘ம்’னா புரட்டணும். அவ்வளவுதான்.”

நான்கு நாட்கள் செய்தேன். தலையணைமேல் புத்தகத்தை நிறுத்தி, அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் வேகமாகப் படிப்பவள். நான் படிக்கத் தெரியாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எந்த வரியில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எனவே ‘ம்’ எப்போது வரும் என்றும் தெரியாது. முதல் நாள் நாற்பது பக்கம் போயிற்று. ஓரிடத்தில் சிரித்தாள், என்ன என்று கேட்டேன், சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். நான்காம் நாள் என் மனம் சாதனங்களின் திரை நுண்மையில் இருந்தது. மூன்று முறை ‘ம்’ சொன்னாளாம். நான் கேட்கவில்லை. நான்காம் முறை அவள் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தையே மறுபடி மேலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தாள்.

ஐந்தாம் நாள், “அடுத்த வாரம் வாங்கிடலாம், அப்புறம் நீயே படிச்சுக்கலாம்” என்றேன். “சரிங்க” என்றாள். அந்தச் சொல்லை நான் இசைவு என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வாங்கவில்லை. இணையத்தில் பயனர் மதிப்புரைகள் நிறைய இருந்தன; அவற்றுள் முரண்பாடுகள் இருந்தன; முரண்பாடுகளைத் தீர்க்காமல் முடிவெடுப்பது எனக்குப் பழக்கமில்லை. எங்கள் பேச்சில் ‘வேண்டும்’ என்பது ‘ஓணும்’ ஆகும். பார்க்க வேண்டும் என்பதைப் பாக்கோணும் என்போம். அவளுக்கு அது நாற்பது ஆண்டுகளாகத் தீராத வேடிக்கை.

“என்னாச்சுங்க மிஷின்?”

“இன்னும் ரெண்டு பாக்கோணும். ஒண்ணுக்குப் பேட்டரி பத்தி எழுதிக் கேக்கோணும். அப்புறம் யோசிக்கோணும்.”

“பாக்கோணும், கேக்கோணும், யோசிக்கோணும். ஊருக்கெல்லாம் வருஷத்துல ஒரு ஓணம். உங்களுக்கு வருஷம் பூரா ஓணம்.”

மே மாதம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். நடுவயது விற்பனையாளர், பொறுமைசாலி. நான் கேட்ட மூன்றையும் தேடி எடுத்துத் துடைத்து வைத்தார்.

“ஏனுங்க சார், தப்பா நெனைக்காதீங்க. இதுல படம் வராதுங்க, பாட்டு வராதுங்க, கலரும் வராதுங்க. போன் பேசவும் முடியாதுங்க. இதே காசுக்கு டேப்லெட்டே தர்றனுங்களே?”

“படிக்கறதுக்கு.”

“படிக்கறதுக்கு மட்டுமுங்களா?” என்று நம்பாமல் கேட்டார். பிறகு, “அப்ப அம்மாவையும் கூட்டியாந்து காட்டிட்டு வாங்கீருங்க சார். கண்ணாடி மாதிரிதானுங்க இது. அவங்கவங்க கண்ணுக்குப் போட்டுப் பாக்கோணும்” என்றார்.

கூட்டிவரவில்லை. அப்போது அவளால் காரில் உட்கார முடியும். மூன்றில் மிகப் பொருத்தமானதற்குக் கண்ணை உறுத்தாத மஞ்சள் வெளிச்சம் இல்லை. அடுத்த மாதிரியில் வரும் என்று படித்திருந்தேன். காத்திருந்தேன். ஜூன் 20 அன்று காலை அவள் இடக்கைப் பெருவிரலைப் பார்த்தபடி படுத்திருந்தாள். “சொல்லிச் சொல்லிப் பாக்கேன். கேக்கமாட்டேங்கு” என்றாள். குறை என்று நான் சொன்னது இதைத்தான்: என் திறவுகோலின் முதல் கேள்வியே அந்த விரலை நம்பி எழுதியது. அதிலிருந்து கிளைத்த அனைத்தும் அன்று பொருளற்றுப் போயின. புதிதாக ஒன்றை எழுதினேன்: படுக்கைக்கு மேல் தாங்கியில் தொங்குமா? இன்னொருவர் அழுத்த வசதியாகப் பொத்தான் விளிம்பில் இருக்கிறதா? அதற்கு மூன்று வாரம் பிடித்தது.

ஜூலை 14. அதே கடை. இந்த முறை சோதித்தே வாங்கினேன். தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்தேன். எழுத்துகள் கூர்மையாக இருந்தன. மனைவியின் நாவலையும் திறந்தேன். வட்டமும் சுழியுமாகப் பக்கம் நிறைந்து நின்றது. பார்க்க அழகாகவே இருந்தது. ஆங்காங்கே சிறு கட்டங்கள் இருந்ததையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. மலையாளத்தில் முழு வட்டமாகவே ஓர் எழுத்து உண்டு. கட்டமாகவும் ஒன்று இருக்கும்போலும், நான் மறந்திருக்கிறேன் என்று நினைத்தேன். தயாரிப்பாளரின் பட்டியலில் ‘மலையாளம்: உண்டு’ என்று இருந்தது, அட்டவணையிலும் நான் அப்படியே குறித்திருந்தேன். உலர்செடியின் உறைமேல் ஒட்டிய பெயரை நம்பாதே, உள்ளே இருக்கும் இலையைப் பார் என்று முப்பத்தொரு ஆண்டுகள் கற்பித்தவன், பெயரை நம்பினேன்.

அன்று மாலை தாங்கியில் பொருத்தி அவள் முகத்துக்கு மேலே நிறுத்தினேன். தமிழில் சொல்லின் இறுதி மெய்க்குப் புள்ளி வைக்கிறோம். மலையாளத்தில் ன், ள், ர், ல், ண் ஆகிய ஐந்துக்கும் தனி வடிவங்கள் உண்டு, சில்லு என்பார்கள். அந்தச் சாதனத்தின் எழுத்துருவில் அந்த ஐந்தும் இல்லை. அவை வரவேண்டிய இடமெல்லாம் கட்டம். அவன், அவள் என்னும் சொற்கள் மலையாளத்திலும் அவையேதான். இறுதி எழுத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ‘அவ’ என்று நிற்கும்.

அவள் ஒரு பக்கம் படித்தாள். உதடு துடித்தது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

“என்னங்க இது, ஊருல ஒரு ஆம்பளை பாக்கியில்ல. அவ வந்தா. அவ அவளைப் பாத்தா. அவளுக்கும் அவளுக்கும் கல்யாணம்.” சிரிப்பு மூச்சில் இடறியது. “யாரு யாரை ஏமாத்துனான்னு இனி நான்தான் கண்டுபிடிக்கணும்.”

நான் குனிந்து பார்த்தேன். அவள் சொன்ன பிறகு எல்லாக் கட்டமும் தெரிந்தன. ஒரு வரியில் நான்கு.

“மாத்திடலாம். பாக்கோணும்” என்றேன்.

“விடுங்க. ஊகிச்சுக்கிடுதேன். நாப்பது வருஷம் உங்களை ஊகிச்சதுதானே.”

காகிதப் புத்தகத்துக்கு இனித் திரும்ப முடியாது. தலை நிற்கவில்லை, அதன் எழுத்தும் அவளுக்குச் சிறிதாகிவிட்டது. தாங்கியில் தொங்கும் அந்தச் சாதனத்தில் மட்டுமே எழுத்தைப் பெரிதாக்க முடிந்தது. சாதன நிறுவனத்துக்கும், மின்னூலை விற்ற பதிப்பகத்துக்கும் ஆங்கிலத்தில் விரிவாக எழுதினேன், நிழற்படங்களுடன். நிறுவனத்திலிருந்து எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளருக்கு என்று தொடங்கும் பதில் வந்தது. வேறொரு சாதனத்தைத் தேர்ந்தெடுக்கப் புதிய அட்டவணை தொடங்கினேன். அதை இங்கே எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 3 அன்று அவளுடைய தங்கை வந்தாள். சித்திரபுரத்திலேயே குடும்பமாகி, அங்கேயே கணவனை இழந்து, தனியாக இருப்பவள். பையைக் கீழே வைக்குமுன்பே அக்காவின் முகத்துக்கு மேலே தொங்கியதைப் பார்த்தாள்.

“இது என்ன அத்தான், கல்யாண வீட்டுல போட்டோ பிடிக்கிற மாதிரி?”

விளக்கினேன். ஐந்து மாதத் தேடலையும் சுருக்கமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

“அஞ்சு மாசமா தேடுனீய, சரி. அஞ்சு மாசமும் அக்கா எப்படிப் படிச்சா?”

நான் தாங்கியின் திருகாணியை இறுக்கினேன். மனைவி கண்ணால் தங்கையை அதட்டினாள்.

“இல்ல, கேக்கேன். ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து புஸ்தகத்தைப் பிடிச்சா ஆவாதா? மிஷினுக்குப் போயி பொண்ணு பாக்கிற மாதிரி ஊர் ஊராப் பாத்துக்கிட்டு!” பிறகு என் முகத்தைப் பார்த்து, “சாப்பிட்டியளா அத்தான்?” என்றாள்.

அன்று முதல் அவள்தான் பொத்தானை அழுத்தினாள். அவளும் மலையாளம் படித்தவள். திரையை எட்டிப் பார்த்து, அக்காவின் கண் கடைசி வரிக்கு வரும்போது ‘ம்’ வருமுன்னே அழுத்திவிடுவாள். கட்டங்களை இருவருமாகச் சேர்ந்து ஊகித்தார்கள். “இது அவன்தான்.” “இல்லடீ, அவன் செத்துட்டானே, இது அவ.” “செத்தது இவன்னா சொல்லுதே? நான் வேற ஒருத்தன்னு நெனச்சேன்.” கூடத்தில் உட்கார்ந்து அட்டவணை எழுதிக்கொண்டிருந்த எனக்கு இந்தச் சண்டை கேட்கும். மனைவியின் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. தங்கைக்கு மட்டும் அது முழுதும் விளங்கியது. ஆகஸ்ட் நடுவில் இரண்டாம் பாகம் முடிந்தது. அவள் பதினேழு வயதில் நிறுத்திய இடம். அன்று அத்துடன் நிறுத்தினார்கள். மறுநாள் மூன்றாம் பாகம் தொடங்கினார்கள்.

ஆகஸ்ட் 7 அன்று பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. நான்கே வரி, மலையாளத்தில். கடிதம் கிடைத்தது என்று எழுதியிருப்பார்கள் என எடுத்துக்கொண்டேன். மலையாளத்தில் வருவதெல்லாம் அவள் மேசைக்குப் போவதுதான் வழக்கம். கை தானாகவே அதை அச்சிட்டு அவள் மேசையில் வைத்தது. அவள் அந்த மேசைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தங்கையிடம் கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை. நாற்பது ஆண்டுகளில் எனக்காக மலையாளம் படித்தவர் ஒருவர் மட்டுமே.

திருவோணத்தன்று தங்கை பாயசம் செய்து, அக்காவின் நாக்கில் ஒரு துளி தொட்டுவைத்தாள். மனைவி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். புரியவில்லை. மறுபடி சொன்னாள்.

“என்ன சொல்லுதான்னா,” என்றாள் தங்கை, “இன்னைக்கோட உங்க ஓணம் முடிஞ்சுதான்னு கேக்கா.”

முடிந்தது என்றேன். புதிய அட்டவணையை அன்று மூடினேன். மறுநாள் முதல் அவளுக்கு மூச்சு வாங்கியது; படிக்க முடியவில்லை. செப்டம்பர் 9 அன்று 91 விழுக்காட்டில் திரை நின்றிருந்தது. மீதி ஒன்பது. அவள் வேகத்துக்குக் கையும் கண்ணும் நலமாக இருந்தால் ஒரு பிற்பகல். நான் பக்கம் புரட்டியிருந்தால், மார்ச் மாதத்துக்குள் முடிந்திருக்கும். இதைக் கணக்கிட அட்டவணை எதுவும் தேவைப்படவில்லை.

சடங்குகள் முடிந்து தங்கை ஊர் திரும்பினாள். அக்டோபர் 26 அன்று மனைவியின் மேசையை ஒழுங்குபடுத்தியபோது அந்தத் தாள் கிடைத்தது. படித்துச் சொல்ல ஆளில்லை என்பதை, கையில் தாளுடன் அறையைத் திரும்பிப் பார்த்த பிறகே உணர்ந்தேன். உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். நான்கு வரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சாதனத்தில் உள்ள எழுத்துரு பழையது. இணைத்திருக்கும் கோப்பைச் சாதனத்தின் எழுத்துருக் கோப்புறையில் போட்டு, மென்பொருளைப் புதுப்பித்தால் சில்லெழுத்துகள் சரியாகத் தெரியும். உங்கள் மனைவி விரைவில் படித்து மகிழட்டும். இவ்வளவுதான். கடிதம் கிடைத்தது என்ற செய்தி அதில் எங்கும் இல்லை.

செய்தேன். பன்னிரண்டு நிமிடம். கட்டங்கள் எல்லாம் மறைந்தன. அவன் அவனாகவும் அவள் அவளாகவும் திரையில் நின்றார்கள்.

அதன் பிறகுதான் எழுத்து சிறிதாக இருப்பதைக் கவனித்தேன். மென்பொருள் புதுப்பித்ததில் எழுத்தளவும் ஓர இடைவெளியும் தொடக்க நிலைக்குத் திரும்பியிருந்தன. அந்தச் சாதனத்தில் பக்கம் என்பது நிலையானது அன்று. எழுத்தின் அளவு மாறினால் எல்லாப் பக்கமும் கலைந்து வேறாக அடுக்கிக்கொள்ளும். தங்கை பலமுறை கூட்டியும் குறைத்தும் அக்காவின் கண்ணுக்கு அமைத்த அளவு எது என்று அவளுக்கே நினைவில்லை. தொலைபேசியில் கேட்டேன். “பெருசாத்தான் இருந்துச்சு அத்தான்” என்றாள். விழுக்காடு இன்னும் 91 தான். ஆனால் அந்த ஒரு விழுக்காட்டுக்குள் பல பக்கங்கள் அடங்கும். என் மனைவி கடைசியாகப் பார்த்த திரை எந்தச் சொல்லில் தொடங்கியது, எந்தச் சொல்லில் நின்றது என்பது இனி யாருக்கும் தெரியாது. செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 26 வரை அது கலையாமல் என் வீட்டில் இருந்தது. ஒரு நிழற்படம் எடுத்திருக்கலாம்.

காட்டில் எடுத்த இடத்தைக் குறிக்காமல் கொண்டுவரும் செடி வைக்கோலுக்குச் சமம் என்று வகுப்பில் சொல்வேன். மாணவர்கள் சிரிப்பார்கள்.

செய்யாமல் நிற்பவை:

பதிப்பகத்துக்கு நன்றி எழுதுவது. மனைவி மகிழ்ந்தாளா என்று கேட்டு மறுபடி எழுதியிருக்கிறார்கள். இதையும் நானே படித்தேன்.

சாதனத்தில் உரிமையாளர் பெயரை மாற்றுவது.

காகிதப் பிரதியைத் தங்கைக்கு அனுப்புவது. வெட்டாமல் அனுப்புவதா, மூன்றாக வெட்டி அனுப்புவதா என்று அவளைக் கேட்பது.

மலையாளக் கூட்டெழுத்துகளில் மீதியைக் கற்பது.

கடைசிப் பக்கம். அதன் முதல் சொல் ‘அவ’ என்று தொடங்குகிறது. அதற்கு மேல் பார்க்கவில்லை.